8கே பெரிதா, நல்ல கறுப்பு பெரிதா? அடுத்த தலைமுறை டிவி திரைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

டிவி வாங்குவதற்காக டிவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு வகை. பேசுவதற்காகவே பேசுகிறவர்கள் இன்னொரு வகை. சேலத்தில் இந்த இரண்டாவது வகைக்குப் பஞ்சமே கிடையாது. அஞ்சு ரோடு பக்கம் தட்டுவடை செட் கடையில் நாலு பேர் தட்டோடு நின்றால், அதில் ஒருவராவது அடுத்த வருடம் வரப்போகும் பேனலைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். "8கே வந்துட்டா இப்ப இருக்கறதெல்லாம் காயலான் கடைக்குத்தாங்ணா" என்பான் ஒருவன். "கறுப்பே கறுப்பாத் தெரியாத டிவியில எத்தனை கே இருந்து என்ன மாப்ள" என்பார் வயதில் மூத்தவர். மூன்றாவது ஆள் மைக்ரோ எல்இடி விலை இறங்கும்வரை எதையும் வாங்குவதில்லை என்று பழைய 32 இஞ்சோடு காலம் தள்ளிக்கொண்டிருப்பார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை 1956-ல் எடுத்து வெளியிட்டது ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ். அந்த ஊர்க்காரர்கள் நிறத்துக்காகச் சண்டை போட்டுக்கொள்வதில் அதிசயம் ஒன்றுமில்லை.

புதிதாகக் கேட்பவருக்கு இந்தச் சண்டை தலையும் புரியாது, வாலும் புரியாது. காரணம், இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். திரையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பது ஒன்று; 4கே, 8கே என்பதெல்லாம் இந்தக் கணக்குதான். ஒவ்வொரு புள்ளியும் எப்படி ஒளிர்கிறது, எப்படி அணைகிறது என்பது மற்றொன்று. கடைக்காரர் முதலாவதைத்தான் சத்தமாகச் சொல்வார், ஏனென்றால் அதில் எண் இருக்கிறது. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை இனிமேல் தீர்மானிக்கப்போவது இரண்டாவதுதான். நான் அந்தக் கட்சி.

புள்ளிக் கணக்கு

முதலில் புள்ளி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். செவ்வாய்பேட்டையில் வெள்ளி வேலை செய்பவர்கள் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் ஒன்று கிடைத்தால் போதும். டிவியில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில், ஒரு வேட்டியின் மீதோ மேகத்தின் மீதோ, அந்த லென்ஸை வைத்துப் பாருங்கள். வெள்ளை எங்குமே இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டிக் கட்டங்கள் மட்டும் வரிசை வரிசையாக எரிந்துகொண்டிருக்கும். மஞ்சள் சேலைக்கு நகர்த்தினால் நீலம் அணைந்து, சிவப்பும் பச்சையும் மட்டும் எரியும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பிக்சல். சில ஓஎல்இடி டிவிகளில் (அது என்ன என்று பின்னால் பார்ப்போம்) வெள்ளைக்கென்றே நாலாவது கட்டமும் உண்டு.

ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080, மொத்தம் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே என்றால் 3,840-க்கு 2,160, சுமார் 83 லட்சம். 8கே என்றால் 7,680-க்கு 4,320, அதாவது 3.3 கோடி. ஒவ்வொரு படியிலும் நாலு மடங்கு. 4கே, 8கே இரண்டுக்கும் உலக அளவில் தரம் வகுத்த ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை 2012-லேயே வந்துவிட்டது. ஜப்பானின் என்எச்கே ஒளிபரப்பு நிறுவனம் 1995-லிருந்தே இதை ஆராய்ந்து வந்தது. 2018 டிசம்பர் 1-ஆம் தேதி 8கே சேனலையே தொடங்கியது. டோக்கியோ ஒலிம்பிக்கையும் 8கே-யில் ஒளிபரப்பினார்கள். ஆக, 8கே என்பது நாளைக்கு வரப்போகும் அதிசயம் இல்லை. வந்து பல வருடம் ஆகியும் வீடுகளுக்குள் நுழையவில்லை.

ஏன் நுழையவில்லை? விலை ஒரு காரணம்தான். பெரிய காரணம் நம் கண்.

ராத்திரி ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்திருப்பீர்கள். சேலம் முழுவதும் விளக்குகளாகக் கிடக்கும். எதிரே வரும் லாரிக்கு இரண்டு ஹெட்லைட் உண்டு என்பது நமக்குத் தெரியும். ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஒரே புள்ளிதான். இரண்டு விளக்குக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தாலும், ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் சாதாரணக் கண்ணால் அவற்றைப் பிரிக்க முடியாது என்கிறது பழைய கணக்கு. ஒரு டிகிரி கோணத்துக்குள் 60 புள்ளிகள் வரை கண் பிரித்துப் பார்க்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையிலிருந்து வந்தது. 2025-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வில் அந்த எல்லை இன்னும் கொஞ்சம் மேலே போனது. கறுப்பு வெள்ளைக் கோடுகளை நேராகப் பார்க்கும்போது சராசரிக் கண் டிகிரிக்கு 94 புள்ளிகள் வரை பிரிக்கிறது. நிறங்களில் இதைவிடக் குறைவு.

இப்போது இதை நம் ஹாலுக்குக் கொண்டுவருவோம். சோபாவிலிருந்து டிவி 10 அடி, டிவி 55 இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். அந்தத் தூரத்தில் ஃபுல் எச்டி திரை டிகிரிக்கு 84 புள்ளிகளைக் காட்டும். 4கே திரை 168. 8கே திரை 336. கண்ணின் எல்லை 94 என்றால் ஃபுல் எச்டி அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. 4கே தாராளமாகத் தாண்டிவிட்டது. 8கே தருகிற கூடுதல் இரண்டரைக் கோடிப் புள்ளிகளையும் கண் வாங்கிக்கொள்ளவே போவதில்லை. அதே 10 அடியில் உட்கார்ந்துகொண்டு 8கே-யின் பலன் தெரிய வேண்டுமென்றால் திரை 98 இஞ்சைத் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் 55 இஞ்ச் டிவிக்கு ஐந்தடி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும்.

"4கே வந்தப்பவும் இதையேதாங்ணா சொன்னாங்க" என்பது 8கே கட்சியின் பதில். நியாயமான பதில்தான். அன்றைக்கும் 32 இஞ்ச் டிவிக்கு 4கே தேவையில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் என்ன நடந்தது? டிவி 32-லிருந்து 43, 55 என்று வளர்ந்தது. கூடவே எச்டிஆர் என்ற, பளிச்சென்ற இடத்தையும் இருட்டான இடத்தையும் ஒரே படத்தில் நன்றாகக் காட்டும் ஒளி வித்தையும் 4கே-யோடு சேர்ந்து வந்தது. 4கே படம் அழகாக இருக்கிறது என்று நாம் சொன்னதில் பெரும்பங்கு அந்த எச்டிஆருக்குப் போய்ச் சேர வேண்டியது. 55 இன்னொரு முறை இரண்டு மடங்காகி 110 ஆக வேண்டுமென்றால் முதலில் சுவர் வேண்டும். அம்மாபேட்டை, குகைப் பக்கத்து வீடுகளில் மாடிப்படியில் அந்தப் பெட்டி திரும்புமா என்பது தனிக் கேள்வி.

8கே-க்கு இன்னொரு தலைவலி மின்சாரம். பின்னால் விளக்கு வைத்து ஒளிரும் எல்சிடி திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் கம்பியும் டிரான்சிஸ்டரும் இடம் பிடிக்கும். புள்ளிகள் கூடக் கூட, வெளிச்சம் நுழையும் வழி குறுகும். அதே பிரகாசம் கிடைக்கப் பின்னாலிருக்கும் விளக்கைக் கூட்ட வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச் முதல் 8கே டிவிகளுக்கும் 4கே-க்கான மின்சார வரம்பையே வைத்தபோது, தயாரிப்பாளர்கள் திணறியது இதனால்தான்.

உள்ளே வருவது என்ன?

திரை எத்தனை கே ஆனாலும் அதற்குள் ஊற்றப்படும் படம் என்ன என்று பார்க்காமல் முடியாது. கேபிள் செட்டாப் பாக்ஸில் வரும் சாதாரண எஸ்டி சேனலில் படம் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளி. 4கே திரையில் இருப்பதோ 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக 20 வரும். திரையில் நீங்கள் பார்க்கும் 20 புள்ளிகளில் ஒன்றுதான் சேனல் அனுப்பியது. மீதி 19-ஐ டிவிக்குள் இருக்கும் சிப் அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. சீரியல் நாயகியின் முகம் மெழுகு பூசியது போல வழவழவென்று தெரிவது இந்த ஊகத்தால்தான். 8கே டிவியாக இருந்தால் 80-க்கு ஒன்று.

ஓடிடியிலும் கதை உண்டு. நொடிக்கு 24 படம் ஓடும் ஒரு 4கே சினிமாவைச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு ஏறக்குறைய 6,000 மெகாபிட் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குக் கேட்கும் வேகம் 15 மெகாபிட். அதாவது நானூறில் ஒரு பங்காகச் சுருங்கித்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. சுருக்கும் கலை நன்றாக வளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் மழை, புகை, தண்ணீர் அலை போன்ற காட்சிகளில் அது திணறுவதை நெருங்கிப் போய்ப் பார்த்தால் சதுரம் சதுரமாகத் தெரியும். நல்ல புளூரே வட்டில் இருக்கும் ஃபுல் எச்டி படம், மோசமாகச் சுருக்கிய 4கே-யைத் தோற்கடிப்பதும் இதனால்தான்.

ஒளி எங்கிருந்து வருகிறது

இனிதான் உண்மையான சண்டை. எல்சிடி டிவியில் பிக்சலுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் எல்இடி விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் திரவப் படிகம் ஒவ்வொரு புள்ளியிலும் அந்த வெளிச்சத்தை விடவும் தடுக்கவும் செய்யும். (திரவப் படிகத்தை 1888-ல் முதலில் கவனித்தவர் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர். கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதாம்.) கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கில் வெளிச்சம் கசியத்தானே செய்யும். எல்சிடியில் கறுப்பு என்பது சாத்திய கதவு, அணைத்த விளக்கு அல்ல. அதனால்தான் இருட்டறையில் பார்த்தால் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் தெரிகிறது.

ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு வேண்டிய இடத்தில் விளக்கே இல்லை. 1987-ல் கோடக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இதற்கு வழி காட்டினார்கள். 2007-ல் சோனி முதல் ஓஎல்இடி டிவியை விற்றது. அளவு 11 இஞ்ச்தான்! 2013-ல் எல்ஜி 55 இஞ்சில் கொண்டுவந்தது. நடுராத்திரிக் காட்சியில் ஒரே ஒரு தீக்குச்சி எரிவதை இந்தத் திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால், அப்புறம் எல்சிடியைப் பார்க்க மனசு வராது. கறுப்புக் கட்சியின் பலமே அந்தக் காட்சிதான்.

குறை இல்லாமல் இல்லை. உள்ளே இருப்பது கரிமச் சேர்மம், எரிய எரியத் தேயும். நீலம் எல்லாவற்றிலும் சீக்கிரம் தேயும். காலையில் போட்ட செய்தி சேனலை ராத்திரிதான் அணைப்பது என்று சில வீடுகளில் பழக்கம். கீழே ஓடும் சிவப்புப் பட்டை, மூலையில் நிற்கும் லோகோ எல்லாம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் எரிந்தால் அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் அதிகம் தேய்ந்து, தழும்பு போலத் தங்கிவிடும். பர்ன்-இன் என்பது இதுதான். அப்பா அம்மாவுக்குச் செய்திதான் உலகம் என்றால், அந்த வீட்டு ஹாலுக்கு ஓஎல்இடியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இன்னொரு குறை, திரை முழுக்க வெள்ளையாக ஒளிர வேண்டிய நேரத்தில் அது தானாகவே பிரகாசத்தைக் குறைத்துக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் கிரிக்கெட் பார்க்கும்போது இது உறுத்தும்.

எல்சிடி கட்சி சும்மா இருக்கவில்லை. பின்விளக்கைப் பொடிப்பொடியாக்கி, நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருட்டான பகுதிக்குப் பின்னால் இருக்கும் விளக்கை மட்டும் மங்க வைத்தார்கள். இதுதான் மினி எல்இடி. 2019-ல் டிசிஎல் இதை டிவியில் கொண்டுவந்தது. பிரகாசத்தில் இது ராஜா. ஆனால் 83 லட்சம் பிக்சலுக்கு ஆயிரம் பகுதி என்றால் ஒரு பகுதிக்குள் எட்டாயிரம் பிக்சல் அடங்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பெயர்கள் ஓடும்போது கவனியுங்கள், எழுத்தைச் சுற்றி லேசாக ஒரு புகை வட்டம் தெரியும். பகுதிகள் கூடக் கூட அது சுருங்கும். முழுதாகப் போகாது.

கியூஎல்இடி என்று அட்டையில் போட்டிருந்தால் அதுவும் எல்சிடிதான், ஏமாந்துவிட வேண்டாம். நடுவே குவாண்டம் டாட் பூசிய ஒரு படலம் இருக்கும். குவாண்டம் டாட் என்பது நானோ அளவிலான படிகத் துகள். பொருள் ஒன்றே, அளவு மாறினால் நிறம் மாறும். சிறியது நீலப் பக்கம், பெரியது சிவப்புப் பக்கம். இதைக் கண்டறிந்து உருவாக்கிய பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. பின்னால் நீல விளக்கு, முன்னால் இந்தப் படலம், அதிலிருந்து சுத்தமான சிவப்பும் பச்சையும். அந்த நீல எல்இடிக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்திருக்கிறது. ஒரு டிவிப் பெட்டிக்குள் இரண்டு நோபல் என்று சொல்லி எங்கள் ஊர்ப் பையன்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். 2022 முதல் ஓஎல்இடியோடு குவாண்டம் டாட்டைச் சேர்த்த டிவிகளும் வந்துவிட்டன. இரண்டின் நல்லதும் அதில் உண்டு, விலையும் அப்படியே.

சரி, அடுத்தது என்ன? இப்போதைக்குப் பேச்சு முழுக்க ஆர்ஜிபி பின்விளக்கு பற்றித்தான். நீல விளக்கும் படலமும் வேண்டாம், பின்னாலேயே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிற விளக்குகளை வைத்துவிடலாம் என்பது யோசனை. 2025-ல் ஹைசென்ஸ் 116 இஞ்சிலும் சாம்சங் 115 இஞ்சிலும் இப்படி டிவி கொண்டுவந்தன. நிறம் இன்னும் அடர்த்தியாக, பிரகாசம் குறையாமல் கிடைக்கிறது. ஆனாலும் அடிப்படை எல்சிடிதான். ஓஎல்இடி தரப்பும் அதே 2025-ல் பதில் சொன்னது. ஒளிரும் அடுக்குகளை நாலாக்கி, 4,000 நிட்ஸ் உச்சம் தொடும் பேனலை எல்ஜி டிஸ்ப்ளே அறிவித்தது. நிட்ஸ் என்பது பிரகாசத்தை அளக்கும் அலகு. பழைய காலத்து டிவி நிகழ்ச்சிகள் 100 நிட்ஸை மனதில் வைத்தே தயாரிக்கப்பட்டன. எச்டிஆர் படங்கள் 1,000 முதல் 4,000 வரை போகின்றன. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் இருக்கும் பிரகாசப் படிகளும் 256-லிருந்து 1,024 ஆயின. ஏற்காட்டு மலையில் பனி இறங்கும் காட்சியை இரண்டிலும் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பழையதில் பனி படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாக இறங்கும். புதியதில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

மைக்ரோ எல்இடிதான் எல்லோருடைய கனவும். ஓஎல்இடி போலவே ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், ஆனால் தேயும் கரிமப் பொருள் இல்லை. கறுப்பும் உண்டு, பிரகாசமும் உண்டு, தழும்புப் பயமும் இல்லை. 2018-ல் சாம்சங் 146 இஞ்சில் ஒரு சுவரையே காட்டியது. பிறகு ஏன் கடைகளில் குவியவில்லை? 4கே-க்கு 83 லட்சம் பிக்சல், பிக்சலுக்கு மூன்று என்று கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி எல்இடிகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்றே ஒன்று தப்பிப்போனாலும் திரையில் இரண்டாயிரத்து ஐந்நூறு புள்ளிகள் செத்துக் கிடக்கும். தேடித் தேடிச் சரிசெய்ய வேண்டும். 2023-ல் இந்தியாவில் 110 இஞ்ச் மைக்ரோ எல்இடியின் விலை ஒரு கோடியே 15 லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்கு அஸ்தம்பட்டியில் வீடே பார்க்கலாம். தட்டுவடைக் கடை நண்பருக்கு 32 இஞ்சோடு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.

சண்டையில் என் தீர்ப்பைக் கேட்டால், அறைதான் முடிவு செய்யும். ஏற்காட்டில் சாயங்காலமே இருட்டிப்போய், ஜன்னலைச் சாத்திவிட்டுப் படம் பார்க்கும் வீட்டுக்கு ஓஎல்இடி. சேலத்தில் சித்திரை வெயில் மேற்கு ஜன்னல் வழியே நேராகத் திரையில் விழும் ஹாலுக்கு மினி எல்இடி. இரண்டுக்கும் 4கே போதும். 8கே-க்குக் கொடுக்கும் பணத்தை ஒரு அளவு பெரிய திரைக்கோ, கூடுதல் பகுதிகள் உள்ள பின்விளக்குக்கோ கொடுப்பதே லாபம்.

கடைக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். அங்கே எல்லா டிவியும் ஷோரூம் மோடில், பிரகாசம் உச்சத்தில், பூவும் கிளியும் காட்டிக்கொண்டிருக்கும். அதில் எது ஓஎல்இடி, எது எல்சிடி என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். ஒரு பென் டிரைவில் இருட்டுக் காட்சி ஒன்றும், கறுப்புப் பின்னணியில் எழுத்து ஓடும் கிளிப் ஒன்றும், சாதாரண எஸ்டி தரத்தில் ஒரு பாட்டும் கொண்டுபோங்கள். "அண்ணா, சினிமா மோடுல வெச்சு இதப் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். முணுமுணுத்தாலும் போடுவார்கள். முன்னால் நின்று பார்க்காமல், வீட்டில் சோபா இருக்கும் அதே தூரத்துக்குப் பின்னால் வந்து பாருங்கள். ஓரமாக நின்றும் பாருங்கள், ஏனென்றால் சில எல்சிடிகள் பக்கவாட்டில் வெளுத்துப்போகும். பிடித்திருந்தால் அட்டையில் இருக்கும் பெரிய பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் இருக்கும் முழு மாடல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டால் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்குள் வேறு வேறு பேனல் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம்.